மாண்டோவி ஆற்றில் போக்கர்: 2024 மழைக்காலக் கோவா நாட்குறிப்பு

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்குப் பிறகு, பணம் கட்டி இணையத்தில் போக்கர் ஆடுவது நாடு முழுக்கத் தடையாகிவிட்டது. வீட்டிலிருந்தபடியே சாட்டிலைட் என்ற சிறு தகுதிப் போட்டி ஆடி, கோவாவில் நடக்கும் பெரிய தொடருக்கு இடம் பிடித்துப் போகிற வழியும் அதோடு அடைபட்டது. அந்த வழியில் நான் போய் வந்தபோது ஒவ்வொரு நாளும் எழுதி வைத்தது இது.

ஜூலை 9, செவ்வாய்: காசில் ராக், குலேம், பணஜி

பெங்களூர் யஷ்வந்த்பூரில் நேற்று மதியம் ஏறிய ரயில் விடிவதற்குள் கோவாவுக்குள் நுழைந்திருக்க வேண்டும். விடிந்தபோது லோண்டாவைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தது. முன்னால் எங்கோ தண்டவாளத்தில் மண் சரிந்திருக்கிறது, பார்க்க ஆள் போயிருக்கிறார்கள் என்றார் டீ விற்ற பையன். பெட்டியில் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. எதிர் பெர்த்தில் இருந்த ஹூப்ளி அம்மா சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் எடுத்து, கேட்காமலேயே எனக்கும் ஒரு தட்டில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை.

தாமதத்தால் ஒரு பெரிய நன்மை கிடைத்தது. வழக்கமாக இருட்டில் கடக்கும் மலைப்பாதையைப் பகலில் பார்த்தேன். போர்த்துகீசியர் காலத்தில் எல்லை நிலையமாக இருந்த காசில் ராக்கில் கூடுதல் எஞ்சின்களைச் சேர்த்தார்கள். 37 அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவு இது. ரயில்களுக்கு மிகச் செங்குத்தான பாதை. சுரங்கம் விட்டுச் சுரங்கம் போனது வண்டி. பிறகு ஒரு பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் மறுபக்கம் ஓடி வந்தார்கள். துத்சாகர் அருவி. மழைக்காலத்தில் அதன் பாதி உயரம் மேகத்துக்குள் இருக்கிறது. சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. ஹூப்ளி அம்மா கை கூப்பிக் கும்பிட்டார்.

அவர்தான் கேட்டார், எதுக்கும்மா இந்த மழையிலே கோவா என்று. சீட்டாட்டப் போட்டிக்கு என்றேன். முகம் மாறியது. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

கோவாவில் நடப்பது டெக்ஸஸ் ஹோல்டெம் என்ற வகைப் போக்கரின் தொடர். ஒவ்வொருவருக்கும் கையில் இரண்டு சீட்டு, மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அதன் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட்டுக்கு நுழைவுத் தொகை ₹35,000. அவ்வளவு பணத்தை ஒரு சீட்டுப் போட்டிக்குக் கட்ட என்னால் முடியாது, முடிந்தாலும் கட்டமாட்டேன். ஆனால் இணையத்தில் சாட்டிலைட் என்று ஒன்று உண்டு. பரிசாகப் பணத்துக்குப் பதில் பெரிய போட்டிக்கான இடத்தையே தரும் சிறு போட்டி அது. ₹350 சாட்டிலைட்டில் ஜெயித்தால் ₹3,500 சாட்டிலைட்டுக்கு டிக்கெட். அதில் சுமார் ஐம்பது பேர் ஆடினால் முதல் ஐந்து பேருக்குக் கோவா இடம். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் நூறு டாலர்கூட இல்லாத இணையச் சாட்டிலைட் வழியாக லாஸ் வேகாஸின் 10,000 டாலர் உலகப் போட்டிக்குப் போய், 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் வென்றார். உலகம் முழுக்க இந்த வழி பரவியதற்கு அவர் ஒரு பெரிய காரணம்.

சாட்டிலைட்டில் முதலாவதாக வருபவருக்கும் ஐந்தாவதாக வருபவருக்கும் ஒரே பரிசுதான். அதனால் கடைசிக் கட்டத்தில், பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் சிப்புகளைக் குவிப்பதில் பொருளில்லை. ஐந்து இடத்துக்கு ஆறு பேர் மிச்சம், உங்களிடம் சிப்பு தாராளமாக இருக்கிறது என்றால், இருப்பதிலேயே சிறந்த சீட்டான இரண்டு ஏஸ் வந்தாலும் மோதாமல் மடித்துப் போடுவதே சரியாக இருக்கும் தருணங்கள் உண்டு. நான் அப்படித்தான் வந்தேன், பொறுத்திருந்து.

"அப்போ நீ ஜெயிச்சதே டிக்கெட்தான், பணம் இல்லையா?" என்றார் அம்மா. ஆமாம் என்றேன். இன்னொரு ரொட்டி வைத்தார்.

மட்காவில் இறங்கிக் கதம்பா பஸ்ஸில் பணஜி வந்து சேர மாலையாகிவிட்டது. ஃபோன்டைன்ஹாஸ் பகுதியில் அறை. மழைக்காலம் என்பதால் ஒரு நாளைக்கு ₹1,800தான். சீசனில் இந்தத் தெருவில் அந்தத் தொகைக்கு வாசல்படிகூடக் கிடைக்காது என்றார் வீட்டுக்கார ஆன்ட்டி.

ஜூலை 10, புதன்: பணஜி

விடியற்காலையில் சைக்கிள் ஹாரன் சத்தத்தில் விழித்தேன். ரொட்டிக்காரர். பொய் என்ற தவிட்டு ரொட்டி ஒன்று ஐந்து ரூபாய், வெளியே மாவு தூவி, உள்ளே பை போல வெற்றிடமாக இருக்கும். ஆன்ட்டி அதைப் பிளந்து வெண்ணெய் தடவி, கூடவே கிஸ்மூர் வைத்தார். காய்ந்த சின்ன இறாலை வறுத்து, தேங்காய்த் துருவலும் வெங்காயமும் புளியும் சேர்த்துப் பிசைந்தது. நெத்திலிக் கருவாட்டு வாசனையில் வளர்ந்த எனக்கு அது பழக்கப்பட்ட ருசிதான். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. அதனால் மே மாதமே கருவாடு, மிளகாய், புளி எல்லாம் வாங்கிப் பரணில் ஏற்றிவிடுவது இந்த ஊர் வீடுகளின் வழக்கம். "மழை வரும்போது நாங்கள் கடைக்குப் போகமாட்டோம், பரணுக்குப் போவோம்" என்றார்.

ஊரை நடந்து பார்க்க முடியவில்லை. ஸ்மார்ட் சிட்டி வேலைக்காகத் தோண்டிய தெருக்கள் இன்னும் முழுசாக ஆறவில்லை. மழை விழுந்ததும் செம்மண் குழம்பாகிவிடுகிறது. செருப்பு மண்ணில் சிக்கி வார் அறுந்தது. மார்க்கெட் வாசலில் தைத்துக் கொடுத்தவர் முப்பது ரூபாய் கேட்டார். ஐம்பதாக நீட்டினேன். சில்லறைக்காகப் பக்கத்துப் பூக்கடை, தேங்காய்க்கடை என்று மூன்று இடம் ஏறி இறங்கி இருபதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

மாலையில், போட்டி நடக்கும் சூதாட்டக் கப்பலில் பதிவு செய்யக் கிளம்பினேன். கோவாவில் வாடகை பைக் ஓட்டுபவர்களைப் பைலட் என்பார்கள். மஞ்சள் மட்கார்டு வைத்த வண்டி. பைலட்டுக்கு ஐம்பது வயதிருக்கும். படகுத்துறை என்றதும் எந்தக் கப்பல் என்று கேட்டார். சொன்னேன்.

"நான் பிறந்தது இந்த ஆற்றங்கரையில். கப்பல் வந்ததையும் பார்த்தேன், விளக்கு போட்டதையும் பார்த்தேன். உள்ளே மட்டும் போனதில்லை. போகவும் முடியாது," என்றார். 2020 முதல் கோவாக்காரர்கள் இந்தச் சூதாட்டக் கூடங்களுக்குள் போக அனுமதியில்லை, வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான். அவர் குரலில் குறையில்லை. "நல்லதுதான். என் தம்பி அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதுவும் பேசாமல் மழைக்குள் ஓட்டினார்.

கரையில் சூதாட்டக் கூடம் நடத்த ஐந்து நட்சத்திர ஹோட்டல் வேண்டும், அங்கேயும் இயந்திர ஆட்டம்தான். டீலர் உட்கார்ந்து சீட்டுப் போடும் மேசைகளை நீரில் மிதக்கும் கப்பல்களில்தான் வைக்கலாம். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிற்பாடு செய்த திருத்தங்கள் அவை. அதனால்தான் நகரத்துக்கு நேர் எதிரே, மாண்டோவியின் நடுவில், கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கின்றன. உலக அளவில் பெயர்பெற்ற வேர்ல்ட் போக்கர் டூர் 2017-இல் முதல் முறையாக இந்தியாவுக்கு வந்தபோதும் இந்த ஆற்றில்தான் மேசை போட்டார்கள்.

துறையில் அடையாள அட்டை, பான் அட்டை, வயது சரிபார்ப்பு. இருபத்தொன்று நிறைந்திருக்க வேண்டும். பிறகு சின்னப் படகில் ஏறி ஐந்து நிமிடம். மழையில் ஆறு காவி நிறமாகப் பெருகி ஓடியது. கப்பலுக்குள் நுழைந்ததும் கடும் குளிர். ஸ்வெட்டர் கொண்டுவந்தது எவ்வளவு நல்லது என்று அப்போதே தெரிந்தது. மெயின் ஈவென்ட் ரசீதில் மேசை எண்ணும் இருக்கை எண்ணும் இருந்தன. வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 11, வியாழன்: முதல் நாள் ஆட்டம்

50,000 சிப்புகள். பிளைண்ட், அதாவது ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் கட்டாயமாக முன்கூட்டியே கட்டும் சின்னத் தொகையும் பெரிய தொகையும், 100/200-இல் தொடங்கி, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். பன்னிரண்டு கட்டம் முடிந்ததும் மிச்சமிருப்பவர்கள் சிப்புகளைப் பையில் போட்டு முத்திரையிட்டு விட்டு வீட்டுக்குப் போகலாம். வெளியே போனவர்கள் மறுபடி ₹35,000 கட்டி உள்ளே வரலாம். நான் வந்தது சாட்டிலைட் டிக்கெட்டில். எனக்கு அது ஒரே ஒரு முறைதான்.

முதலில் உறைத்தது நேரம். வீட்டில் ஒரே சமயத்தில் நான்கு மேசை திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் இருநூற்றைம்பதுக்கு மேல் கை (ஒருமுறை சீட்டுப் பகிர்ந்து ஆடி முடிப்பது) பார்த்துவிடலாம். இங்கே டீலர் கலைத்து, பகிர்ந்து, சிப்பு எண்ணி முடிக்க மணிக்கு முப்பது கை வந்தால் அதிகம். எட்டு மணி நேர ஆட்டத்துக்குச் சுமார் 240 கை. ஏஸ் ஜோடி விழ 221-க்கு ஒரு வாய்ப்பு என்பது கணக்கு. அதாவது ஒரு முழு நாள் உட்கார்ந்தால் சராசரியாக ஒரு முறை. எனக்கு இன்று அது விழவேயில்லை. மடித்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்தான் பெரும்பகுதி. அந்த நேரத்தில் மற்ற எட்டுப் பேரையும் பார்க்கலாம். ஆன்லைனில் இது கிடையாது. அங்கே ஒருவர் எத்தனை சதவீதக் கைகளை ஆடுகிறார் என்று எண் சொல்லும். இங்கே அவரைப் பார்க்க வேண்டும்.

என் இடப்பக்கம் ராஜ்கோட்டிலிருந்து வந்த பெரியவர். பருத்தி வியாபாரம். வெற்றிலைப் பெட்டி போல ஒரு எவர்சில்வர் டப்பாவில் வறுத்த கடலையும் சேவும் கொண்டுவந்து மேசைக்கு முழுதும் நீட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு சீட்டைத் தொடுங்கள் என்று காகிதத் துண்டும் கொடுத்தார். பேச்சு நிற்காது. பேரன் கல்யாணம், ராஜ்கோட் வெயில், முழங்கால் வலி. மேசையில் நான் ஒருத்திதான் பெண். "பேட்டி (மகளே), ஏசி குளிர்தா?" என்று கேட்டு இடத்தை மாற்றச் சொல்லி ஃப்ளோர் மேலாளரையே கூப்பிட்டார். இடம் மாற்ற விதியில்லை என்று சிரித்தார் மேலாளர். ஒரு போர்வை வந்தது.

எதிரே டெல்லிப் பையன் ஒருவன், அவனும் ஆன்லைன் சாட்டிலைட்டில் வந்தவன். மேசை ஆட்டம் இதுதான் முதல் முறை என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. பிளைண்ட் 1,200 இருக்கும்போது எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு 5,000 சிப்பை எடுத்து முன்னால் வைத்தான். ஏற்றுகிறோம் என்று அவன் நினைப்பு. வாயால் ரைஸ் என்று சொல்லாமல் ஒற்றைப் பெரிய சிப்பைப் போட்டால் அது கால் மட்டுமே, அதாவது எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது. உலகம் முழுக்கப் போட்டி நடத்துநர்கள் ஏற்றுக்கொண்ட விதி அது. திரையில் பொத்தானை அமுக்கிப் பழகியவருக்கு இது தெரிய வழியில்லை. டீலர், மணிப்பூரைச் சேர்ந்த இளம்பெண், மீதிச் சில்லறையைத் தள்ளிவிட்டு, "அடுத்த தடவை முதலில் வாயால் சொல்லுங்கள் சார், பிறகு கை போகட்டும்" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு கையை மட்டும் எழுதி வைக்கிறேன். ஒன்பதாவது கட்டம். பெரியவர் ஏற்றினார். என்னிடம் ஜாக் ஜோடி, கால் செய்தேன். ஃப்ளாப், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டு, 8, 5, 2, மூன்றும் வேறுவேறு சின்னம். சின்னதாகக் கட்டினார், கால். டர்ன், நான்காவது சீட்டு, 3. அப்போது அவர் பேரன் கல்யாணத்துக்கு வந்த சமையல்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கியம் பாதியில் நின்றது. நடுவில் சேர்ந்திருந்த சிப்பில் முக்கால் பங்குக்குக் கட்டினார். டப்பாவின் மூடியை எடுத்து மூடினார்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவர் நல்ல சீட்டில்லாமல் பொய்க்கட்டு கட்டிய இரண்டு முறையும் பேச்சு கூடியிருந்தது. வெறும் எண்ணை வைத்துப் பார்த்தால் அந்தப் பலகையில் ஜாக் ஜோடியை மடிக்க எனக்கு மனம் வந்திருக்காது. மடித்தேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாமலே, இரண்டு கிங்கைத் திருப்பி வைத்தார். "ஷாபாஷ் பேட்டி." பிறகு சமையல்காரர் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இரவு பதினொன்றைத் தாண்டிப் பையில் 1,18,000. கடைசிக் கட்டத்தின் பிளைண்ட் 1,000/2,000. நாளை மறுநாள் வரை பிழைத்தாயிற்று.

ஜூலை 12, வெள்ளி: பேத்திம்

முதல் நாள் ஆட்டத்தைத் தொகுதி தொகுதியாக நடத்துகிறார்கள், இன்று மற்றவர்களுக்கு. எனக்கு ஓய்வு. பணஜியிலிருந்து பேத்திம் போகும் படகில் நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணமில்லை. ஸ்கூட்டர், பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடை இல்லாத மீன்காரப் பெண்கள். நடு ஆற்றில் சூதாட்டக் கப்பல்களின் முதுகுப்பக்கம் தெரிகிறது. முன்பக்கம் மின்விளக்கும் அலங்காரமும். இந்தப் பக்கம் துணி காய்கிறது, எரிவாயு சிலிண்டர் இறங்குகிறது.

அக்கரையில் சாலையோரம் தேக்கிலையில் பொதிந்து ஓல்மி விற்றார்கள். ஆடி மழைக்கு முன்னும் பின்னுமாகப் புற்றுகளில் முளைக்கும் காட்டுக் காளான். எண்ணிக்கைக் கணக்கில் விற்கிறார்கள், விலை கேட்டதும் மீனே மலிவு என்று தோன்றியது. சாப்பாட்டுக் கடையில் ஒரு பிளேட் ஷகூத்தியாக ₹320-க்குக் கிடைத்தது. கசகசா, தேங்காய், மிளகாய் வறுத்த அரைப்பில் காளான் இறைச்சி போலவே மெல்ல வேண்டியிருந்தது. கொடுத்த பணம் வீணில்லை.

அந்தக் கடையில்தான் கரூர்த் தம்பியைச் சந்தித்தேன். போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை. அவரும் மெயின் ஈவென்ட் ஆடுகிறார், நேற்று முதல் முயற்சியில் வெளியேறி, மறுபடி கட்டி உள்ளே வந்து பை கட்டியிருக்கிறார். "நீங்க சாட்டிலைட்ல வந்தீங்களாக்கா? நான் நேரடியா கட்டிட்டேன், ரெண்டு தடவ," என்றார். அவர் கூட இருந்த மும்பைக்காரர் நேற்று முன்தினமே ஆடியிருக்க வேண்டியவர். செவ்வாய்க்கிழமை பெர்னம் சுரங்கத்தில் தண்ணீர் ஊறிக் கொங்கண் ரயில் பாதையே நின்றுபோனதில், வழியில் இறங்கி பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கிறார். இன்று மாலை ஆட்டம். தூக்கமில்லாத கண்.

பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டில் 2022-இல் கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இவை திறன் விளையாட்டு என்று சொல்லி அந்தப் பட்டியலை மட்டும் ரத்து செய்தது. தீர்ப்பு வந்ததும் தம்பிக்குச் சந்தோஷம். எனக்கு அது முழுச் சந்தோஷமாக இல்லை. ஆன்லைன் ரம்மிக் கடனில் உயிரை விட்டவர்களின் செய்திகள் நம் ஊர்ப் பேப்பரில் எத்தனை வந்தன. போக்கரில் திறன் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்தத் திறன் தெரியவர ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். சம்பளப் பணத்தில் ஆடுகிறவரால் அவ்வளவு காலம் தாங்க முடியாது. மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, அது தீர்ந்தால் அந்த மாதம் ஆட்டமில்லை என்பதை நான் மீறுவதில்லை. 2023 அக்டோபரிலிருந்து கட்டும் தொகைக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வேறு. அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். தம்பி மறுத்துப் பேசவில்லை. "எங்கப்பாவுக்கு நான் இங்க இருக்கறது தெரியாதுக்கா" என்றார். சொல்லிவிடுங்கள் என்றேன்.

ஜூலை 13, சனி: இரண்டாம் நாள்

காலையிலிருந்து கண் தெரியாத மழை. ஆற்றில் இழுவை அதிகம் என்று சின்னப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். துறையில் நூறு பேருக்கு மேல் நனைந்துகொண்டு நின்றோம். ராஜ்கோட் பெரியவருக்கு ஒரு காவலாளி தன் நாற்காலியைக் கொடுத்தார். பெரியவர் அவருக்குச் சேவு டப்பாவை நீட்டினார். ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்கியது.

மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் நுழைவுகள். பரிசு 45 இடங்களுக்கு. கடைசி இடத்துக்கு ₹72,000. ஐம்பது பேருக்குக் கீழே வந்ததும் ஆட்டம் நத்தையாகியது. 46 ஆனதும் எல்லா மேசைகளிலும் ஒரே நேரத்தில் ஒரு கை, அது எல்லோருக்கும் முடிந்த பிறகுதான் அடுத்தது. இதில் வெளியேறுபவர்தான் ஒன்றும் கிடைக்காத கடைசி ஆள். இரண்டு நாள் உழைப்பு, கையில் வெறும் பூஜ்யம். பப்பிள் என்கிறார்கள்.

என்னிடம் பதினேழு பெரிய பிளைண்ட் அளவுக்குச் சிப்பு. சாட்டிலைட்டில் பழகிய புத்தி, மடி, மடி என்றது. அங்கே அது சரி, இங்கே பாதிதான் சரி. மேலே போகப் போகப் பரிசு பல மடங்கு. கடைசி இடத்துக்காக மட்டும் ஒளிந்துகொண்டிருந்தால் ஜெயிப்பவர்களுக்குச் சிப்பை நன்கொடை கொடுப்பதாகும். ₹350-இல் தொடங்கி வந்திருந்தாலும் என் இருக்கையின் விலை மற்றவர்களுடையதைப் போலவே ₹35,000தான், அப்படித்தான் ஆட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு முறை துணிந்து எல்லாச் சிப்பையும் தள்ளினேன். இரண்டு முறையும் யாரும் வரவில்லை.

ஏறக்குறைய முக்கால் மணி நேரம் யாரும் வெளியேறவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு பேரிடம் மூன்று பிளைண்டுக்கும் குறைவு. அடுத்த சுற்றில் யாராவது விழுந்தே ஆக வேண்டும். அப்போது "ஆல்-இன் (எல்லாச் சிப்பும்), கால்" என்று குரல் கேட்டது, என் முதுகுக்குப் பின்னாலிருந்து. கரூர்த் தம்பி. சிப்பில் முதலிடத்தில் இருந்தவர் ஸ்மால் பிளைண்டிலிருந்து தள்ள, தம்பி இருபத்திரண்டு பிளைண்டையும் வைத்து ஏஸ்-கிங்கோடு கால். எதிரே எட்டு ஜோடி. ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு, எட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். ஐந்து சீட்டிலும் ஏஸ் வரவில்லை, கிங்கும் வரவில்லை.

மண்டபம் முழுக்கக் கைதட்டல், பப்பிள் உடைந்ததற்கு. அந்தக் கைதட்டல் எனக்கு எப்போதும் சங்கடம்தான். தம்பி எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். டீலருக்கும். ஜெயித்தவர் எழுந்து நின்று அவரைக் கட்டிக்கொண்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, "நல்லா ஆடுங்கக்கா" என்றார். அந்த வயதில் இவ்வளவு பக்குவத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் வெளியேறியது 29-ஆவதாக. குயின் ஜோடி, எதிரே ஏஸ்-கிங். நூற்றுக்கு ஐம்பத்தேழு எனக்குச் சாதகம், கடைசிச் சீட்டாக வந்தது கிங். வருத்தமில்லாமல் ஆடிய கை அது. மறுபடி வந்தாலும் அப்படியே தள்ளுவேன். பரிசு ₹90,000. அதில் 30 சதவீதம் வரியாக ₹27,000 அங்கேயே பிடித்துவிட்டார்கள். கையில் ₹63,000. காசாளர் பான் எண்ணை இரண்டு முறை சரிபார்த்து, வரிப்பிடித்தச் சான்றிதழ் எப்போது வரும் என்று பொறுமையாகச் சொன்னார். பெரியவர் இன்னும் ஆட்டத்தில் இருந்தார். தூரத்திலிருந்தே தெரிந்தது, பேசிக்கொண்டிருந்தார்.

ஜூலை 14, ஞாயிறு: பணஜி, மட்காவ்

காலையில் மாதா கோயில் மணி. ஆன்ட்டி பூசைக்குப் போகும் முன் பாஜியும் பாவும் வைத்துவிட்டுப் போனார். அறை வாடகையில் ஒரு நாளுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். மழையில் எங்கேயும் சுற்றிப் பார்க்கவில்லையே, அதற்கு எதற்குக் காசு என்பது அவர் வாதம். வற்புறுத்தியதில் பாதி வாங்கிக்கொண்டார்.

மாலை மட்காவ் பஸ்ஸில் பக்கத்து இருக்கை கரூர்த் தம்பி. அவருக்குத் தெற்கே போகும் ரயில், எனக்குப் பெங்களூர்ப் பக்கம். பஸ் கிளம்பி அடல் சேது பாலத்தின் விளக்குகள் மறைவதற்குள் அந்தக் கையை ஆரம்பித்துவிட்டார்.

"நீங்களா இருந்தா மடிச்சிருப்பீங்களாக்கா?"

மடித்திருப்பேன் என்றேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் அடுத்த சுற்றில் சாகக் காத்திருந்தார்கள். நம்மைத் தீர்த்துக்கட்டும் அளவு சிப்பு வைத்திருந்த ஒரே ஆளிடம் அந்த நேரத்தில் மோத வேண்டாம்.

"அவர் எந்தச் சீட்டை வெச்சும் தள்ளுவார்க்கா, எல்லாரும் பயந்து மடிக்கறாங்கன்னு அவருக்குத் தெரியும். அதுல ஏஸ்-கிங் மடிச்சா வேற எதத்தான் ஆடறது?"

உண்மைதான். ஆனாலும் நான் விடவில்லை. அப்போது அவர் போனில் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு தடவை கட்டியது ₹70,000. கடைசி இடப் பரிசு ₹72,000. வரி ₹21,600 போனால் கையில் ₹50,400. கட்டியதைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் விடாது. "பரிசு வாங்கினாலும் எனக்குப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் நஷ்டங்க்கா. மேல போனாத்தான் எனக்கு ஆட்டமே. உங்களுக்கு அந்த ஐம்பதாயிரம் முழுசும் லாபம்."

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. செலவழித்த பணம் செலவழித்ததுதான், மேசையில் உட்கார்ந்த பிறகு அதை நினைத்து ஆடக்கூடாது என்பது போக்கரில் முதல் பாடம். அதைச் சொன்னேன். அப்படியென்றால் ₹350-க்கு வந்ததை நினைத்து நீங்களும் மடிக்கக்கூடாது என்றார். நான் மடிப்பது சாட்டிலைட்டை நினைத்து இல்லை, சிப்பு தீரப்போகிற அந்த இரண்டு பேரை நினைத்து என்றேன். கோர்டாலிம் பாலம் வந்தது, மழை பஸ் கூரையில் கொட்டியது, முன் இருக்கைக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மட்காவ் ஸ்டேஷனில் இரண்டு டீ, இரண்டு வடை, ₹60. அவர்தான் கொடுத்தார். கடைசி நாற்பத்தாறு பேரின் சிப்புக் கணக்கையும் போட்டு, ஊருக்குப் போய்க் கணினியில் ஓட்டிப் பார்த்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் கோவா போனதைச் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றேன். சரி என்றார். ஆனால் அந்தக் கை கால்தான் என்பதை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும்தான்.